கம்பு திரிக்கிற மெஷின்

கோவில்பட்டி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் சுகம். பூரணத்தின் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது, தை மாதம் கல்யாணம், பத்திரிகை உன் கைக்கே வரும். கணக்கு டீச்சர் இப்போது கோல் இல்லாமல் நடக்கிறார். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மருமகள் வீட்டிலேயே மாவு திரிக்கிற மெஷின் வாங்கப் போகிறாள், எது வாங்கலாம் என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறந்ததும் குக்கர் விசிலடித்தது, நீ ஓடிவிட்டாய். ஏட்டி, பெல் அடித்தால் முதல் ஆளாக ஓடுகிற பழக்கம் இன்னும் உன்னை விடவில்லை! போகட்டும். எப்படியும் இது போனில் சொல்லி முடிகிற பேச்சில்லை. இங்கே ஒன்று நடந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் தெரு மில்லை மூடியாகிவிட்டது. அதுவும் தீபாவளிக்கு முந்தின வாரம்.

மில்கார அண்ணாச்சிக்கு மூட்டு வலி, மாவுத் தூசியில் விடாத இருமல். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், இந்தத் தொழிலுக்கு வர மாட்டான். மில் கல்லும் வழவழவென்று தேய்ந்துவிட்டது, முன்பு போல் வந்து கொத்திக் கொடுக்க ஆள் இல்லை. கொத்தாத கல்லில் மாவு நைசாக விழாது, சூடுதான் ஏறும். "நல்ல மாவு கொடுக்க முடியாதபோது எதுக்கு டீச்சர் கடையைத் திறந்து வைக்கணும்" என்றார். அந்த மனுஷன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்ட வீடுகளெல்லாம் என்ன செய்யும்? ஊறின அரிசியை வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டுகிற பதத்திலேயே திரிக்க வேண்டும் இல்லையா. காய்ந்தால் அதிரசம் வராது. பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். சிலர் மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சலித்துத் தோளைப் போக்கிக்கொண்டார்கள். என் வீட்டு வாசலிலும் வந்து நின்றார்கள். "டீச்சர், உங்க வீட்லதான் மில் இருக்கே" என்று. முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டு மில்லில் ஈர அரிசி போடக்கூடாது. சல்லடைக் கண்ணெல்லாம் பசை மாதிரி அடைத்துக்கொண்டு மோட்டார் திணறும். ஆசையாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பின வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உன் மருமகள் வீட்டு மில் வந்துவிட்டால் கடை மில்லே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அப்படி இல்லை. மிளகாய் வத்தல், மல்லி, சீயக்காய், ஈர அரிசி இதெல்லாம் கடை மில்லுக்குத்தான். வத்தலை வீட்டு மில்லில் போட்டால் நெடி வீட்டை விட்டே போகாது, அடுத்து திரிக்கிற கோதுமையிலும் காரம் ஏறும். எள்ளு, நிலக்கடலை மாதிரி எண்ணெய் வித்து எதையும் அதில் போடவே கூடாது.

அப்படியானால் வீட்டு மில் எதற்கு? கம்புக்கு. நான் அடித்துச் சொல்வேன் சரசு, கம்பு சாப்பிடுகிற வீட்டுக்கு அது அவசியம்.

கடைப் பாக்கெட் கம்பு மாவு கசக்கிறது, பேத்தி துப்புகிறாள் என்று வருத்தப்பட்டாயே. குற்றம் கம்பில் இல்லை. கம்பில் கொழுப்பு 100 கிராமுக்கு 5 கிராம் அளவுக்கு இருக்கிறது. கேழ்வரகிலும் கோதுமையிலும் 2 கிராம்கூடத் தேறாது. கம்பு மணி சின்னது, ஆனால் அதன் முளைப்பகுதி பெரிது, எண்ணெய் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை அந்த எண்ணெயும் அதை உடைக்கிற நொதியும் தனித்தனி. திரித்த நிமிஷம் இரண்டும் கலந்துவிடுகின்றன. பிறகு காற்றும் நம்மூர் வெயிலும் சேர்ந்துகொண்டால் ஒரு வாரத்துக்குள் நாக்கில் கசப்பு தட்டும், ஒரு காறல் வாடை வரும். நம் ஆச்சிகள் அன்றன்றைக்குக் கம்பு குத்தி அன்றைக்கே கூழ் காய்ச்சினதற்குக் காரணம் வேலை செய்ய ஆசைப்பட்டதல்ல. கம்பை வறுத்துத் திரித்தால் அந்த நொதி கொஞ்சம் அடங்கும், மாவு இன்னும் சில நாள் தாங்கும். ஆனாலும் தேவைக்குத் தேவை ஒன்றிரண்டு கிலோ திரிப்பதுதான் சரி.

கேழ்வரகுக்கு இந்த அவசரம் இல்லை, மாசக்கணக்கில் தாங்கும். கோதுமை இரண்டுக்கும் நடுவில். மைதா மட்டும் ஏன் கெடாமல் கிடக்கிறது தெரியுமா? முளையையும் தவிட்டையும் நீக்கிவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் இரும்பு உருளை மில்கள் பெருகியபோதுதான் இப்படி வெள்ளை மாவை மலிவாகப் பிரித்தெடுத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. கெட்டுப்போகிற பாகத்தை எடுத்துவிட்டால் மாவு கெடாது, சத்தில் பாதியும் அதோடு போயிற்று.

பேத்திக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதால்தான் கம்பில் இறங்கியிருக்கிறாய் என்று தெரியும். கம்பில் இரும்புச் சத்து 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அரிசியில் 1 மில்லிகிராம்கூட வராது. ஹைதராபாத் பக்கத்தில் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் 'தனசக்தி' ரகத்தில் இன்னும் கூடுதல். ஆனாலும் தானியத்தில் இருக்கிற இரும்பு முழுவதும் உடம்பில் ஒட்டாது. ஊறவைத்தால், புளிக்கவைத்தால், முளைகட்டினால் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு, நெல்லிக்காய் கொடு. ஆனால் கம்பு கொடுக்கிறோமே என்று டாக்டர் எழுதின மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் நாட்டு வைத்தியம் எனக்குப் பழக்கம்தான், பத்தாம் வகுப்பில் என் காய்ச்சலுக்கு என்னென்ன குடிக்க வைத்தாய்! பேத்தி விஷயத்தில் வேண்டாம்.

சரி, எந்த மில். கடையில் இரண்டு ஜாதி காட்டுவார்கள். ஒன்று கல் வைத்தது: இரண்டு வட்டக்கல் எதிரெதிரே உரசும், நம் வீட்டுத் திரிகையின் வேலைதான். மெதுவாக ஓடும், கோதுமை மாவு பூப்போல விழும், சப்பாத்தி அருமையாக வரும், கல்லில் நசுங்கின மாவு தண்ணீரை நன்றாக இழுக்கும். ஆனால் கனம் அதிகம், அண்ணாச்சி கடையைப் போலவே ஒருநாள் கல்லைக் கொத்தவோ மாற்றவோ வேண்டிவரும். இன்னொன்று சின்ன அலமாரி மாதிரி கதவு வைத்தது: உள்ளே இரும்பு பிளேடு சுற்றி அடிக்கும், சுற்றிலும் சல்லடை, அந்தக் கண்ணில் நுழைகிற அளவு பொடிந்த பிறகுதான் மாவு கீழே டப்பாவில் விழும். சல்லடையை மாற்றினால் போதும், நைஸ் மாவு, ரவை, கஞ்சிக்கு நொய் எல்லாம் வரும். சத்தம் கூடுதல், மாவும் வெதுவெதுப்பாக வரும். ஆனால் கம்பு, கேழ்வரகு, சோளம், கடலைப்பருப்பு என்று பலதும் திரிக்கிற வீட்டுக்கு இதுதான். என்னிடம் இருப்பதும் இதுதான். ராஜ்கோட் பக்கம் இவற்றை நிறையச் செய்கிறார்கள், குஜராத்தில் கம்பு ரொட்டி அன்றாடச் சாப்பாடு, அதனால் அந்த மெஷின்கள் கம்புக்குப் புதுசில்லை.

மோட்டார் 1 ஹெச்.பி. இருக்க வேண்டும். கரண்டுக்குப் பயப்படாதே, ஒரு மணி நேரம் விடாமல் ஓடினாலும் 1 யூனிட்டை ஒட்டித்தான் வரும், அதற்குள் உங்களுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே திரித்துவிடலாம். ஆனால் 15 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் இருக்கிற இடத்தில் வைக்கச் சொல்லு. எக்ஸ்டென்ஷன் வயரில் இழுக்கவே கூடாது. விலை 20,000 ரூபாய்க்கு முன்னே பின்னே சொல்வார்கள்.

முக்கியமானதை இப்போது சொல்கிறேன், உன் மருமகளுக்கு வாசித்துக் காட்டு. கடையில் எப்போதும் கோதுமையைப் போட்டுத்தான் ஓட்டிக் காட்டுவார்கள். கோதுமையை எந்த மில்லும் திரித்துவிடும். கம்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொடி மணி என்பதால் மேலே கொட்டினதும் சரசரவென்று இறங்கிவிடும், இறக்கத்தை மட்டுப்படுத்துகிற தகடு சரியில்லை என்றால் உள்ளே நிரம்பி மோட்டார் முக்கும். அந்தச் சத்தம் காதுக்கே தெரியும். அடுத்து, விழுந்த மாவை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லு. வெதுவெதுப்பாக இருக்கலாம், கை சுட்டால் வேண்டாம். பிறகு கதவைத் திறந்து, ஸ்பேனர் இல்லாமல் சல்லடை கழல்கிறதா, மூலைக்குள் பிரஷ் போகிறதா என்று பார்க்க வேண்டும். மூலையில் தங்குகிற மாவில்தான் வண்டு வைக்கும், அப்புறம் எவ்வளவு நல்ல தானியம் போட்டாலும் வீண். நான் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, கடைசியில் ஒரு பிடி காய்ந்த அரிசியை ஓடவிடுவேன். உதிரிச் சல்லடையும் மோட்டார் கெப்பாசிட்டரும் கோயம்புத்தூரிலேயே கிடைக்குமா, பழுதுபார்க்க ஆள் வீட்டுக்கு வருவாரா என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்கட்டும்.

தானியத்தைக் கல், மண் போகப் புடைத்து, கழுவினால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள். திரித்த மாவை உடனே டப்பாவில் அடைக்காமல் துணியில் பரப்பிச் சூடு ஆறவிடு. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும். திரிக்கும்போது மூக்கை மூடி ஒரு துணி கட்டிக்கொள்ளச் சொல்லு. அண்ணாச்சியின் இருமலைக் கேட்டவள் என்பதால் சொல்கிறேன்.

அண்ணாச்சி என்றதும் மறுபடி அங்கேயே மனசு போகிறது. வாங்க முடிகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஒன்று வாங்கிவிட்டால், வாங்க முடியாதவர்களின் மில் மூடிப்போகிறது. கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாரம் ஒருமுறை திரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது பாக்கெட் மாவு வாங்குகிறார்கள். அதில் கம்பு என்றால் கசப்பு, கடலை மாவு என்றால் கலப்படப் பயம். மில் வாசலில் வரிசையில் நின்று, "முன்னாடி என்ன திரிச்சீங்க" என்று கேட்டுவிட்டுத் தூக்கை வைப்போமே, அந்தக் கேள்வியிலேயே நம் மாவில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கு ஒரு மில் இருக்க வேண்டும் சரசு. ரேஷன் கடை மாதிரி அது ஒரு அடிப்படைத் தேவை.

அதனால் மகளிர் குழுப் பெண்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி மெஷினைக் குத்தகைக்குத் தரச் சம்மதித்துவிட்டார், ஓட்டவும் கற்றுக்கொடுப்பதாகச் சொல்கிறார். சிறு உணவுத் தொழில்களுக்கு மத்திய அரசு 2020இல் கொண்டுவந்த திட்டத்தில் மெஷின் செலவில் 35 சதவீதம் மானியம் என்று அறிவித்திருந்தார்கள், இப்போதும் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரிக்கப் போகிறோம். புதுக் கல் போட்டு, வத்தலுக்குத் தனி மெஷின் ஒன்றும், தூசி இழுக்கிற விசிறி ஒன்றும் வைத்துவிட்டால் மில் ஓடும். பெரிய மயினிகூட முதல் ஆளாகப் பங்கு போடுகிறேன் என்கிறாள், அவள் பணம் எடுத்து நீ பார்த்திருக்கிறாயா?

இதில் உனக்கு ஒரு வேலை. கோயம்புத்தூரில் கிரைண்டரும் மில் சாமான்களும் செய்கிற பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. மில் கல் கொத்துகிற ஆள், அல்லது பழைய கல்லை எடுத்துக்கொண்டு புதுக் கல் தருகிற பட்டறை, எங்கே இருக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்று அண்ணனை விசாரிக்கச் சொல்லு. கல்லின் குறுக்களவை அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பூரணத்தின் மகன் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இந்த வருஷத்துக் கரிசல் கம்பு 3 கிலோ கொடுத்துவிடுகிறேன், புடைத்துக் காயவைத்தது. 2 கிலோவை மருமகள் கடைக்கு எடுத்துப் போய், தன் கண் முன்னாலேயே மெஷினில் போட்டுப் பார்க்கட்டும். மீதி ஒரு கிலோவை நீ ஊறவைத்து முளைகட்டிப் பேத்திக்குக் கொடு. மாவு எப்படி விழுந்தது என்று உடனே எழுது, போன் வேண்டாம்.

அன்புடன்,
பாக்கியம்