சாம்பா ஒத்திகை: எட்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பிரேசில் நாட்டு சாம்பா தாளம் வாசிக்கப் போகிறார்கள். போன வாரம் ஒத்திகை பார்க்க வந்த ஒரு அம்மா, "சார், எல்லாப் பிள்ளைங்களும் படபடன்னு வாசிக்குதுங்க, என் பையன் மட்டும் 'தும்'னு ஒண்ணு அடிச்சிட்டு நிக்கிறானே?" என்று கேட்டார். இன்னும் சிலருக்கும் இதே வருத்தம் என்று தெரிகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பையன் வாசிப்பது சுர்தோ. ரியோ டி ஜெனிரோவின் சாம்பா பள்ளிகளில் (ஆமாம், சாம்பா வாசித்து ஊர்வலம் போகும் குழுக்களுக்கும் அங்கே பெயர் பள்ளிதான்) தோளில் வார் மாட்டிச் சுமந்து வரும் பெரிய முரசு அது. தாளத்துக்கு இரண்டு எண்ணிக்கை. முதல் சுர்தோ இரண்டாம் எண்ணிக்கையில் கனமாக விழும். சுருதி சற்றே கூடிய இன்னொரு சுர்தோ முதல் எண்ணிக்கையில் பதில் சொல்லும். மூன்றாவது சுர்தோ இடைவெளிகளில் புகுந்து விளையாடும். மாங்கெய்ரா என்ற பழம்பெரும் பள்ளியில் அந்தப் பதில் சுர்தோவே கிடையாது. அந்த ஒற்றை அடியை வைத்தே, வருவது மாங்கெய்ரா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

சைடு டிரம் போன்ற காய்ஷா ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய முரசான தம்போரிம் சடசடவென்று பொரியும். ரெபினிக்கி என்ற முரசு, ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுங்கையுமாக வாசிக்கப்பட்டு மற்றவர்களைக் கூப்பிடும். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் வாசிக்கக் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது குயீக்கா. தோலின் உட்பக்கம் கட்டிய மெல்லிய குச்சியை ஈரத்துணியால் உருவினால் குரங்கு கத்துவது மாதிரி சத்தம் வரும். உறுமியைத் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. சரி, இவ்வளவு பேரில் யார் தடுமாறினாலும் கூட்டத்தில் மறைந்துவிடும். சுர்தோ தடுமாறினால் மொத்தக் குழுவும் சரிந்துவிடும். பொறுமையான பையன் என்று பார்த்துத்தான் அதை அவனிடம் கொடுத்தோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சுர்தோவை முதன்முதலில் செய்தவர் பிதே என்று அழைக்கப்பட்ட அல்செபியாதெஸ் பார்செலோஸ் என்பார்கள். தொழிலால் செருப்புத் தைப்பவர். ரியோவின் எஸ்தாசியோ பகுதியில் 1928இல் தொடங்கிய குழுவுக்காக, 20 கிலோ வெண்ணெய் டின்னில் நனைத்த சிமென்ட் பைக் காகிதத்தை இழுத்துக் கட்டினாராம். நாமும் வாங்கப் போவதில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளி காலியாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். இன்னும் ஆறு வாளி வேண்டும். தம்போரிமுக்குச் சின்ன டின்களும் ஆகும், விளிம்பு கையைக் கிழிக்காமல் இருந்தால் போதும்.

ஒத்திகை மாலை 5.15 வரை நடக்கும். வாளியின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். அடிக்கும்போது கிணுகிணுக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்