மிலிட்டரி மாப்பிள்ளை பற்றி நீ கேட்டாயே

ஜலந்தர் கண்டோன்மென்ட்,
அக்டோபர் 2025

அன்புள்ள மாலா,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் மனசு லேசானது. மாடிப்படி பக்கம் விடாதே. அவர்கள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? உன் பையன் எல்.கே.ஜி. போகும்போது அழுவதில்லை, டீச்சரைத்தான் அழவைக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதை என் பெரியவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அவன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசியிருக்கலாம். ஆனால் உன் தங்கைக்கு மிலிட்டரி மாப்பிள்ளை வரன் வந்திருக்கிறது, கொடுக்கலாமா என்று நீ கேட்டது அப்படித் தட்டிவிடுகிற விஷயம் இல்லை. வாய்ஸ் மெசேஜ் போடலாமென்றால், பெரியவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் இரண்டும் தூங்கிய பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன்.

மிலிட்டரி மாப்பிள்ளை நம் வேலூர்ப் பக்கத்துக்குப் புதுசா என்ன? கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார்கள். அங்கெல்லாம் பெண் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. மற்றவர்கள் யோசித்தாலும் கேட்பது ஒரே மாதிரிதான்: சம்பளம் எவ்வளவு, பதினைந்து வருஷம் முடித்தால் பென்ஷன் உண்டா, கேன்டீனில் மிக்ஸி என்ன விலை. என் சித்தப்பா நிச்சயதார்த்தத்தன்றே இவரிடம் பாட்டில் கோட்டா பற்றி விசாரித்தார். உங்கள் வீட்டில் யாரோ, "அக்னிவீரா இருந்தா நாலு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே" என்றார்களாமே. அந்தக் கவலை வேண்டாம். அக்னிவீர்கள் அந்த நாலு வருஷம் முடியும்வரை கல்யாணமே பண்ணக் கூடாது. உங்களுக்கு வந்திருப்பவர் 2022-க்கு முன்பே, பழைய முறையில் சேர்ந்தவராகத்தான் இருப்பார்.

பயமாக இருக்காதா என்று உன் தங்கை கேட்டாளாம். பயத்துக்கு நேரம் கிடைத்தால்தானே! காலை ஆறரைக்குப் பால், ஏழரைக்கு ஸ்கூல் பஸ். ஜனவரியில் அந்த நேரத்துக்கு இங்கே பனிமூட்டத்தில் எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ் தெரியாது. பஸ் வருகிற சத்தத்தை வைத்துத்தான் பிள்ளையை ஏற்ற வேண்டும். இவர் ஃபீல்டில், லடாக்கில் இருக்கிறார். நாங்கள் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில். புருஷன் ஃபீல்டில் இருக்கும்போது குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கிற வீடு அது. இரண்டு ரூம், ஒரு சின்ன முற்றம். அதில் நான் வைத்த கறிவேப்பிலை இரண்டாவது குளிரையும் தாண்டிவிட்டது. அது எனக்குப் பெரிய பெருமை.

வீட்டில் சோபா கிடையாது. இவருடைய பேரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்புப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே மெத்தை விரித்து, பெட்ஷீட் போட்டிருக்கிறேன். இந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உன் பையன் டாக்டர் விளையாட்டு விளையாடுவான் அல்லவா? என் இரண்டும் விளையாடுவது போஸ்டிங் விளையாட்டு. சின்னவன் பொம்மைகளைக் கொண்டுவந்து பழைய ஷூ டப்பாவில் போடுவான். பெரியவள் நோட்டில் நம்பர் எழுதி, "நாலாம் பெட்டியில கரடி, கரண்டி, ஒரு சாக்ஸ்" என்று லிஸ்ட் போடுவாள். கயிறு கட்டி முடிந்ததும் விளையாட்டு முடிந்தது. ஊர் போய்ச் சேருவதெல்லாம் அதில் கிடையாது.

உன் தங்கையிடம் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் காகிதம். சிரிக்காதே. கல்யாணம் ஆனதும் பதிவு பண்ணிக்கொண்டு, அவள் பேர் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரத்தை ராணுவ ரெக்கார்டில் ஏற்றுகிற உத்தரவில், ஏறிவிட்டதா என்று பார்க்கச் சொல். குழந்தை பிறந்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பிறப்பது ஒரு நாள், ராணுவத்தின் கணக்கில் பிறப்பது பார்ட் டூ ஆர்டர் வந்த பிறகு. அது இருந்தால்தான் எம்.எச்.சில், அதாவது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சீட்டு, கல்விப் படி எல்லாம் சிக்கலில்லாமல் நடக்கும். இப்போது கல்விப் படி, இரண்டு குழந்தை வரை, ஆளுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அதிலும் நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு. ஆதாரில் இனிஷியல் முன்னால், ரெக்கார்டில் அப்பா பேர் முழுசாகப் பின்னால், பள்ளிக்கூடத்தில் அதையே குடும்பப் பேராக எழுதிவிட்டார்கள். பெரியவளை அவள் வகுப்பில் கொஞ்ச நாள் அவள் தாத்தா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவளும் "யெஸ் மேம்" என்று எழுந்து நின்றிருக்கிறாள்.

பிள்ளை வளர்ப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பலம் பக்கத்து வீடுகள். சின்னவனுக்கு ராத்திரியில் ஜுரம் ஏறி, உடம்பு தூக்கிப்போட்டது ஒரு தடவை. கதவைத் தட்டியதுதான் தெரியும். பக்கத்து வீட்டு கட்வால் அக்கா பெரியவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகளோடு படுக்க வைத்துவிட்டார். அவர் தம்பி என்னை வண்டியில் எம்.எச்.சுக்குக் கூட்டிப்போனார். காலையில் திரும்பி வந்தால், பெரியவள் தலை வாரி, ரொட்டி கட்டிக்கொண்டு, ஸ்கூலுக்கே போயிருந்தாள். அந்த அக்காவுக்கும் எனக்கும் அப்போது பொதுவாக இருந்த இந்தி கொஞ்சம்தான். எனக்குத் தெரிந்ததைவிட அவர் பேசுவது வேகம். ஆனால் சொந்தக்காரர்கள் அதே தெருவில் இருந்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் வேலை நடந்திருக்காது என்று நினைக்கிறேன். உறவென்றால் முதலில் காரணம் சொல்ல வேண்டுமே!

மே மாதம் நடந்ததை நீ கேட்கவே இல்லை. பயந்துகொண்டு கேட்கவில்லை போல. ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் ஜலந்தரிலும் சாயங்காலமானால் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூல் லீவு. சைரன் அடித்தது, தூரத்தில் சத்தமும் கேட்டது. ஜன்னலில் இவருடைய பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, இருட்டுக்கு முன்பே தயிர்சாதம் ஊட்டி முடித்துவிடுவேன். பெரியவளுக்கு இருட்டு பிரச்சினை இல்லை. "அப்பாகிட்டயும் லைட் ஆஃபா?" என்று மட்டும் கேட்டாள். இவரிடமிருந்து போன் இல்லாத நாட்கள் அவை. ஆனால் ஊரிலிருந்து மட்டும் நிற்காமல் போன். டிவி பார்த்துவிட்டு அம்மா, மாமியார், அத்தை என்று மாறி மாறி. அவர்களைச் சமாதானம் பண்ணவே சார்ஜ் போய்விடும். 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம் என்றார்கள். அதற்கப்புறம் ஒருநாள் போன் வந்தது. இவர் கேட்ட முதல் கேள்வி, கேஸ் புக் பண்ணிவிட்டாயா என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை, "அவர் இல்லாத நேரம் எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்கிறாள். எல்லோரும் கேட்பது அதைத்தான். உண்மையைச் சொன்னால், இவர் போவது எங்களுக்குப் பழகிவிட்டது. வருவதுதான் இன்னும் பழகவில்லை.

வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் காஷுவல் என்பது கணக்கு. அது எப்போது, எத்தனை துண்டாகக் கிடைக்கும் என்பது யூனிட் கையில். ஜூலையில் வந்தார். சின்னவனுக்கு மூன்று வயது நடக்கிறது. போனில் அப்பாவிடம் நன்றாகப் பேசுவான், முத்தம் கொடுப்பான். நேரில் வந்ததும் என் முந்தானைக்குப் பின்னால் போய்விட்டான். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, வாசலில் இவர் கழற்றி வைத்திருந்த ஷூவை, ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இவர் காலடியில் ஜோடியாக வைத்தான். வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். வீட்டுக்கு வருகிற அங்கிள்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் இல்லையா, இவரும் கிளம்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். இவர் சிரித்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு, அவனையும் தூக்கிக்கொண்டு வெளியே ஒரு சுற்றுப் போய்வந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது பேச்சே இல்லை.

பெரியவள் வேறு மாதிரி. ஐஸ்கிரீம் கேட்டாள், "வா போகலாம்" என்றார். அவள் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிய பிறகுதான் செருப்பைத் தேடினாள். அதை இவர் கவனித்ததை நானும் கவனித்தேன். இதற்கு யாரைக் குறை சொல்வது? அந்தக் குழந்தைக்கு வருஷம் முழுக்க வீட்டில் ஒரே உத்தரவுதான்.

எனக்கும் லேசில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, கம்பளியை மூலை பிசகாமல் மடித்து, என் அடுக்களை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டார். புளியைத் தேடி எனக்கு அரை நாள் போனது. பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடக் கூடாது என்றார். நியாயம்தான், ஆனால் அந்த டிவி ஓடுகிற நேரத்தில்தான் நான் துணி துவைக்கிறேன். ஓர் உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும் சொல்? பனிமலையில் பாலம் போடுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் எதையாவது சரிசெய்யாமல் உட்கார மாட்டேன் என்கிறார். அவருக்கு வேறு எப்படி "நானும் இங்கே இருக்கிறேன்" என்று காட்டத் தெரியும்? இது புரிகிறது. ஆனாலும் புளியை ஒளித்துவைத்தால் கோபம் வரத்தான் செய்கிறது.

மெல்ல மெல்ல ஒரு வழிக்கு வரும். சின்னவன் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டுவான், பெரியவள் ஹோம்வொர்க்கை அவரிடம் கொண்டுபோவாள், எனக்கும் மத்தியானம் கொஞ்சம் தூங்கலாம் என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து லீவு முடியும். பிள்ளைகள் தூங்கும்போது சொல்லாமல் போவது எங்கள் வீட்டில் கிடையாது. அழட்டும், பார்த்து, டாட்டா காட்டிவிட்டு அழட்டும். மாமியாருக்கு இதில் என்மேல் வருத்தம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எழுந்து பார்த்தால் அப்பா காணோம் என்பது இரண்டு தடவை நடந்தால், மூன்றாம் தடவை அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும்.

இப்போது சொல்ல வந்த சேதி. போஸ்டிங் ஆர்டர் வந்துவிட்டது, மாலா. பெங்களூரு, எம்.இ.ஜி. சென்டர், அதாவது ராணுவ இன்ஜினீயர் படையான மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்பின் தலைமையிடம். இவர் ரெக்ரூட்டாகச் சேர்ந்த அதே இடம், அல்சூர் ஏரி பக்கம். காட்பாடியில் ரயில் ஏறினால் அரை நாளுக்குள் வந்துவிடலாம். இனி உனக்குச் சாக்கு கிடையாது. சென்டரை ஒட்டியே ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. கே.வி.யிலிருந்து கே.வி.க்கு, மாற்றல் ஆணையைக் காட்டினால் நடு வருஷத்திலும் சேர்த்துக்கொள்வார்கள். 1963-இலிருந்து அந்தப் பள்ளிகள் நடப்பதே எங்களை மாதிரி ஊர் ஊராகப் போகிற ஜாதிக்காகத்தானே. குவார்ட்டர்ஸுக்குத்தான் வெயிட்டிங் லிஸ்ட். கிடைக்கும்வரை வேலூரில் மாமியார் வீடா, அல்சூரில் வாடகை வீடா என்று இன்னும் முடிவாகவில்லை. என் ஓட்டு வாடகை வீட்டுக்கு.

கேட்டவர்கள் எல்லாம் "இனிமே நிம்மதி" என்கிறார்கள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த முறை இவர் வந்தால் லீவு முடிந்து போக மாட்டார். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். நாலு பேரும் அதற்குத் தயாரா என்று ராத்திரியில் யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். போனில் இதை இவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "எனக்கும்தான்" என்றார். இரண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முதலில் கொஞ்ச நாள் அவர் புதுசாக எந்தச் சட்டமும் போடக் கூடாது. ஸ்கூலுக்குக் கூட்டிப்போவதும் ராத்திரி தூங்கவைப்பதும் அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டில் எது கஷ்டம் என்று உனக்கே தெரியும்.

இங்கே இப்போது மார்ச்சிங் அவுட் வேலை. வீட்டை ஒப்படைக்கும்போது ஃபேன், கீஸர், கட்டில் எல்லாம் எண்ணி, குவார்ட்டர்ஸைப் பராமரிக்கிற எம்.இ.எஸ். ஆள் சுவரையும் பார்ப்பார். பெரியவள் ஹால் சுவர் நீளத்துக்கு க்ரேயானில் ஒரு ரயில் வரைந்திருக்கிறாள். பெட்டிக்குப் பெட்டி தமிழில் ஊர் பேர். நான் வீட்டில் சொல்லிக்கொடுத்த எழுத்து. "காட்பாடி"யில் கால் வாங்காமல் "கட்பாடி" என்று நிற்கிறது. தண்டம் கட்டுவதைவிட நாமே வெள்ளையடித்துவிடலாம் என்று டிஸ்டெம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் தங்கை விஷயத்தில், மாப்பிள்ளை நல்லவரா என்று விசாரிப்பதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். அவளை ஒன்றே ஒன்று கேட்கச் சொல், பெண் பார்க்க வருகிற அன்றைக்கே: "நீங்க ஃபீல்டுக்குப் போனா நான் எங்க இருக்கணும்?" அவர் வீட்டிலா, நம் வீட்டிலா, குவார்ட்டர்ஸிலா என்று அவர் மட்டுமில்லை, அவர் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது பதில் வரட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ராணுவத்தில் ரூல் இருக்கிறது, இதற்கு மட்டும் கிடையாது. முடிந்தால் அவளையே என்னோடு பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடட்டும், சின்னவன் தூங்குவான். நாலு மணிக்கு மேல் வேண்டாம், பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
கலா