புகட்டுவதா, ஊட்டுவதா?

அன்புள்ள மலர்விழிக்கு,

அம்மா எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். "பிள்ளைகளுக்கு நற்பண்புகளைப் புகட்டுவது" என்று போட்டிருக்கிறாய். 'ஊட்டுவது' என்று மாற்றலாமா என்றும் கேட்டாய். மாற்றிவிடு என்று போனில் சொன்னேன், ஆனால் காரணம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவளுக்கு அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காண் என்பதிலிருந்து காட்டு வருகிறது, பூண் என்பதிலிருந்து பூட்டு. அதே வழியில் உண் என்பதிலிருந்து வந்தது ஊட்டு. உண்டான் என்பது தன்வினை, தானே செய்வது; ஊட்டினான் என்பது பிறவினை, பிறரைச் செய்ய வைப்பது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்திருப்பாய். எனக்கு இதில் பிடித்தது, ஊட்டு என்ற சொல்லுக்குள் உண்பவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். அம்மா கவளத்தை வாய்வரைதான் கொண்டுபோக முடியும். மெல்வதும் விழுங்குவதும் பிள்ளையின் வேலை. அது பாதி வேலை இல்லை, பெரும்பாதி.

புகட்டு அப்படி இல்லை. அது புகு என்பதன் பிறவினை, உள்ளே புகச் செய்வது. கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவோம். மாட்டுக்கு வாயைத் திறந்து மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவார்கள். அந்த நேரத்துக்கு அதுவும் வேண்டியதுதான், தப்பான சொல் இல்லை. நல்ல எழுத்தாளர்களும் அறிவு புகட்டுவது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்றைக்குப் பத்திரிகையில் "பாடம் புகட்டுவோம்" என்று படித்தால் யாருக்கோ தண்டனை காத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உன் கட்டுரையில் அந்த வாடை வரக் கூடாது.

சரி, சோற்றுக்கு வந்த சொல் குணத்துக்கு எப்படிப் போனது? நடுவில் நிறம் இருக்கிறது. அகநானூறு 68-ஆம் பாட்டில் தலைவியின் தோழி, ஊஞ்சல் கட்டியிருந்த தோட்டத்து அசோக மரத்தை இடி அடியோடு வெட்டிப் போட்டதைச் சொல்கிறாள். அந்த மரம் "ஊட்டி அன்ன ஒண் தளிர்ச் செயலை". அரக்குச் சாயம் ஊட்டியது போலச் சிவந்த தளிர். பாடியவரை இந்தச் சொல்லைக் கொண்டே ஊட்டியார் என்று அழைக்கிறோம். ஒரு வினைச்சொல் புலவருக்கே பெயராகிவிட்டது, எவ்வளவு அழகு! சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் பாதம் "அலத்தகம் ஊட்டிய" பாதம், அதாவது செம்பஞ்சுக் குழம்பு தோய்ந்து சிவந்தது. சாயம் உள்ளே இறங்குகிறது, பாதமும் சரி, சாயத்தில் முக்கும் நூலிழையும் சரி, அதைக் குடித்துக்கொள்கின்றன. அதனால்தான் அங்கே ஊட்டு பொருந்துகிறது.

அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொட்டியில் முக்கி எடுக்கும்போது நூல் மஞ்சள்பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். கருநீலம் வேண்டுமென்றால் முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்க வேண்டும். ஒரே முக்கில் ஆழமான நிறம் வராது. உன் கட்டுரையில் 'படிப்படியாக' என்று தனியே எழுதியிருக்கிறாயே, ஊட்டு என்று போட்டால் அது வேண்டியதே இல்லை.

செவியும் உண்ணும் என்று திருவள்ளுவர் சொல்லிவிட்டார். "செவிக்குணவு இல்லாத போழ்து சிறிது வயிற்றுக்கும் ஈயப் படும்" (412). கேட்பது உணவு என்றால் நல்லதைச் சொல்வது ஊட்டுவதுதானே. இப்படித்தான் அறிவூட்டு, ஊக்கமூட்டு, நினைவூட்டு எல்லாம் பிறந்தன என்று நினைக்கிறேன். பாலூட்டி, ஊட்டச்சத்து, மின்னூட்டம் என்று அறிவியலுக்கும் போய்விட்டது. ஒன்று மட்டும் கவனம். வெறியூட்டு, அச்சமூட்டு என்றும் நம்மிடம் சொல் உண்டு. கெட்டதையும் பிள்ளைகள் கவளம் கவளமாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். இதை நீ கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். நல்லதை மட்டும் பேசிவிட்டு நிறுத்துகிற கட்டுரைகள் எனக்குப் போதவில்லை.

அப்புறம் ஊட்டுவித்தல் என்று ஒன்று இருக்கிறது, இன்னொருவரை ஊட்டச் செய்வது. பேரனைச் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் நீ விட்டுவிட்டு வருவது அதுதான். அங்கே சொல்லித்தருபவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஊட்டுவிப்பதை வைத்து மற்ற ஆறு நாளும் பசியாறாது, கண்ணு. வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் தமிழில் பேசிக்கொள்ளுங்கள். பேரனிடம் பேசுவதைச் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் பேசுவதைச் சொல்கிறேன். கடன்காரன், பக்கத்து வீடு, ஆபீஸ் என்று எதைப் பேசினாலும் பரவாயில்லை, அவன் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

முதல் பத்தியை மாற்றிவிட்டு அனுப்பு. அச்சுக்குப் போகும் முன் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். "நற்பண்புகளை ஊட்டுவது" என்பதில் ஒற்று வராது, பழக்கத்தில் போட்டுவிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிர் அதிகம் என்றாயே, வெந்நீரே குடி.

அன்புடன்,
அம்மா