ஞாயிறு வாசிப்புக் கூடுகை: மீட்பன் வீழும் கதை

உறுப்பினர்களுக்கு வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் கூடி, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன் மெசையா’ (1969) நாவலைப் பற்றிப் பேசவிருக்கிறோம்.

1965இல் வந்த, இந்த வரிசையின் முதல் நாவலான ‘டியூன்’இல், தந்தையை இழந்து பாலைவன மக்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்களுடைய மீட்பனாகவும் பேரரசனாகவும் உயர்ந்த பால் அட்ரெய்டீஸ், 12 ஆண்டுகள் கழித்துத் தொடங்கும் இந்த நாவலில், தன் பெயரால் நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதைத் தானே கணக்கிட்டுச் சொல்கிறான். ஹிட்லர் கொன்றவர்களின் எண்ணிக்கையை அவன் கூறும்போது, அருகிலிருக்கும், பாலைவன மக்களின் தலைவர்களில் ஒருவனான ஸ்டில்கர் அதை ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது அனைவரும் நிதானமாகப் படித்து வர வேண்டுகிறேன். முன்பு மானமுள்ள வீரனாக இருந்த ஸ்டில்கர் வெறும் பக்தனாகிவிட்டதும் அங்கேதான் தெரிகிறது.

பால் அட்ரெய்டீஸை வில்லன் என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. வருவதை முன்கூட்டியே கண்டும் தடுக்க இயலாதவன் அவன். திருச்செந்தூரில் சூரன் மயிலும் சேவலுமாகி முருகனிடம் சேர்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வழிபடப்பட்டவனே சூரனாகும் இந்தத் தலைகீழ்ப் பயணம் புதிதாக இருக்கும். (மணல்மேடுகளைக் கற்பனை செய்யச் சிரமப்படுவோர் திசையன்விளைப் பக்கத்துத் தேரியை நினைத்துக்கொள்ளலாம், நிறம்தான் சற்றுக் கூடுதல் சிவப்பு.)

குழுவின் பிரதியை வைத்திருப்பவர் வெள்ளிக்கிழமைக்குள் அடுத்தவரிடம் ஒப்படைக்கவும். படித்து முடித்தவர்கள் முடிவை இங்கே எழுதிவிட வேண்டாம்.