எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் மஞ்சளானால் நம் ஊரில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். என் அக்காவுக்கும் இரண்டு மாதம் அதை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். அப்புறம் கல்லீரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தபோதுதான் 'ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ்' என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய் இது. தொற்றாது, பெண்களுக்கே அதிகம் வருகிறது.

நல்ல மருந்துகள் இருக்கின்றன. வழக்கமாக பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டில் தொடங்கி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதயோபிரின் சேர்த்து, ஸ்டீராய்டை மெல்லக் குறைப்பார்கள். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு பியூடசோனைடு என்ற இன்னொரு ஸ்டீராய்டும் உண்டு. அசதயோபிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மைக்கோபினோலேட் தரலாம். ஆனால் கருத்தரிக்க நினைக்கும் பெண்களுக்கு அது ஆகாது. இதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

ஸ்டீராய்டால் அக்காவின் முகம் உப்பியது. கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ரத்தப் பரிசோதனை சரியானதும் மாத்திரைகளைத் தானாகவே நிறுத்திவிட்டாள். நான்கே மாதத்தில் காமாலை திரும்பியது. ரத்த அளவுகள் சீரான பிறகும் குறைந்தது 2 ஆண்டுகள் மருந்து தொடர வேண்டும் என்பதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

வைரஸ் இல்லை என்று அறிக்கை வந்தும் காமாலை தணியாதவர்களைத் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்