ஊஞ்சலைத் துடைக்காதே, கையைக் கழுவு

அன்புள்ள மகளுக்கு,

பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி, கடையில் டிராலிக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான் என்று குட்டி கைவைக்கும் இடத்தையெல்லாம் முன்னாலேயே துடைத்துவிடுவதாக எழுதியிருந்தாய். ராத்திரி அவன் தூங்கிய பிறகு பொம்மைக்கூடைக்குக் கிருமிநாசினி ஸ்பிரே வேறு. இது போதுமா என்று கேட்கிறாய். தேவைக்கு மேலேயே போய்விட்டது கண்ணு.

நீ துடைத்துவிட்டு நகர்ந்ததும் வேறொரு பிள்ளை மூக்கைத் துடைத்த கையோடு வந்து அதே சங்கிலியைப் பிடிக்கும். அதோடு போட்டி போட முடியாது. ஆனால் சங்கிலியில் இருக்கும் கிருமி, கை வழியாகத்தான் வாய்க்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் போகவேண்டும். அந்தக் கை உன் பிடியில் இருக்கிறது. விளையாடி வந்ததும், சாப்பிடும் முன்னும், கழிப்பறை போய்வந்த பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவிவிடு. தண்ணீர் கிடைக்காத இடத்தில் சானிடைசர் சரி. ஆனால் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸிடம் அது அவ்வளவாக எடுபடாது. 'ஆன்டிபாக்டீரியல்' சோப்பும் தேடாதே. சாதாரண சோப்பைவிட மேல் என்று கம்பெனிகளால் நிரூபிக்க முடியாததால், அமெரிக்காவில் 2016-ல் டிரைக்ளோசான் உட்பட 19 மருந்துகளை அந்த வகைச் சோப்புகளில் போடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

பொம்மைகளுக்கு வழக்கமான நாட்களில் சோப்புத் தண்ணீர் போதும். துணிப் பொம்மையைத் துவைத்து, உள்வரை நன்றாகக் காயவிடு. ஸ்பிரே அடித்த உடனே துடைத்தால் மருந்து வேலை செய்யாது. லேபிளில் போட்டிருக்கும் நேரம்வரை, பெரும்பாலும் சில நிமிடங்கள், ஈரமாகவே இருக்கவேண்டும். அழுக்கை முதலில் கழுவியிருக்கவேண்டும். வாயில் வைக்கும் பொம்மையானால் பிறகு நல்ல தண்ணீரில் அலசவும் வேண்டும். தினமும் இதையெல்லாம் யார் செய்வது? குளிக்கும்போது வைத்து விளையாடும் ரப்பர் வாத்தை மட்டும் அழுத்திப் பார், கறுப்பாக ஏதாவது வந்தால் தூக்கிப் போடு.

கிருமிநாசினிக்கு வேலை வரும் நாள் வேறு: வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி, காய்ச்சல்காரப் பிள்ளை வாயில் வைத்த பொம்மை, பச்சை இறைச்சி பட்ட மேடை. அன்றைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வை, பிளீச்சோடு டாய்லெட் கிளீனரையோ அம்மோனியா உள்ள எதையுமோ கலக்காதே, விஷவாயு கிளம்பும்.

மாப்பிள்ளை 'மண்ணைத் தின்றால்தான் எதிர்ப்பு சக்தி' என்கிறாராமே! அவரும் பாதிதான் சரி. அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று 1989-ல் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. பின்னால் வந்தவர்கள் சொன்னது, மண், செடி, பிராணிகளோடு வரும் சாதுவான நுண்ணுயிர்களோடு பழகட்டும் என்றுதான். பேதியை வரவழைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் எதைத் துடைக்காமல் விட்டோம் என்று தேடிக்கொண்டிருக்காதே. அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று அட்டையைப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா