ரெலிக்தா

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய கத்தோலிக்கக் கோயில் கல்யாணப் பதிவேட்டுப் படம் கிடைத்தது. 1912-ல் நடந்த உன் கொள்ளுப்பாட்டியின் கல்யாணம். அவர் பெயரை ஒட்டி 'ரெலிக்தா' என்று இருப்பதற்கு யாரோ 'கைவிடப்பட்டவள்' என்று அர்த்தம் சொல்லிவிட்டதாகவும், அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். மனசு கேட்கவில்லை. அதனால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

அம்மாவிடம் உடனே சொல்: அது விதவை என்று பொருள். லத்தீனில் சொல்லின் வேர் 'விட்டுப்போதல்'தான். ஆனால் கோயில் பதிவேட்டில் அதைக் கணவன் இறந்தபின் இருப்பவளுக்கு எழுதுவார்கள். சில சாமியார்கள் 'விதுவா' என்றே எழுதுவதுண்டு; அப்படி இருந்திருந்தால் நமக்கே புரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்கு அடுத்து மை ஊறிக் கிடக்கிறதே ஓர் ஆண் பெயர், அது மாப்பிள்ளை பெயர் அல்ல. இறந்துபோன முதல் கணவரின் பெயர்.

கல்யாண அறிவிப்பான மூன்று ஓலையும் கோயிலில் வாசித்தாயிற்று என்றும் அதிலேயே இருக்கிறது. ஊரறிய நடந்த மெய்விவாகம்.

அப்புறம், நீ கவனிக்காத ஒன்று. இரண்டு வரி தள்ளி 'செகுந்தோ கிராது' என்று சுருக்கி எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் பார். இரத்த உறவில் இரண்டாம் படி, அந்தத் தடைக்குத் திருச்சபையிடம் விலக்கு, அதாவது தனி அனுமதி, வாங்கியாயிற்று என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பொதுவான தாத்தா பாட்டியிலிருந்து ஒரு பக்கமாக மட்டும் எண்ணுவார்கள்: பிள்ளை ஒன்று, பேரப்பிள்ளை இரண்டு. ஆக, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். (1983-ல் வந்த திருச்சபைச் சட்டம் இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணுவதால் அதே உறவு இப்போது நாலாம் படி. புதிய பதிவைப் பார்க்கும்போது குழம்பிவிடாதே.)

சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் மாமன் அத்தை பிள்ளைகளையும் லத்தீன் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. நாம் பார்க்கிறோம். முன்னவர்கள் நமக்கு அண்ணன் தங்கை, கல்யாணப் பேச்சே எழாது. அப்படியானால் மாப்பிள்ளை மாமன் மகனாகவோ அத்தை மகனாகவோதான் இருக்க வேண்டும். தாலியறுத்து நின்ற பெண்ணை, மேற்றிராணியாரின் (ஆயரின்) அனுமதிக்குக் காத்திருந்து முறை மாப்பிள்ளையே கைப்பிடித்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, நண்பா. அம்மாவுக்கு இதை நீயே வாசித்துக் காட்டு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேள். கல்யாணம் முடிந்ததும் அதை ஞானஸ்நானப் பதிவிலும் குறிக்க வேண்டும் என்று 1908-லிருந்து விதி. கொள்ளுப்பாட்டியின் பதிவுக்கு ஓரத்தில் 1912 என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பார். இருந்தால் அவருடைய அப்பா அம்மா பெயர் அந்த வரியிலேயே கிடைத்துவிடும். முதல் கணவருக்கு அடக்கப் பதிவேடு. படம் எடுக்கும்போது பக்கத்தைச் சாய்க்காமல், ஓரமும் விழும்படி எடு.

அம்மா சாப்பிட்டார்களா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்